உருளைக்குப் பதில் காலிஃபிளவர்

கேள்வி: சர்க்கரை என்பதால் டாக்டர் உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டார். மசியல் இல்லாவிட்டால் என் கணவருக்குச் சாப்பாடு இறங்காது. காலிஃபிளவரில் செய்தால் கூழாகிவிடுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காலிஃபிளவரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதை மறுபடி தண்ணீரிலேயே வேகப் போட்டால் கூழாகாமல் என்ன செய்யும்?

முதலில் மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். உங்கள் வீடு சைவம் என்றால் இது இன்னும் முக்கியம். பூவுக்குள் குடியிருக்கும் புழு சைவமில்லை. பிறகு இட்லிப் பானையில் ஆவியில் வேகட்டும். தண்டில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் எடுத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். யார் மேலாவது கோபம் இருந்தால் இதுதான் நேரம். வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் பிரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும். வெண்ணெயில் வதக்கிய பூண்டு, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று. உருளையை மிக்சியில் போட்டால் ஸ்டார்ச் வெளியேறிக் கோந்தாகும். இதில் அந்தப் பயமில்லை. பால் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மறுபடி கூழ்.

நூறு கிராம் உருளையில் மாவுச்சத்து சுமார் 17 கிராம், இதில் ஐந்துதான். அந்தச் சலுகையைக் காட்டி உங்கள் கணவர் இன்னொரு கரண்டி சோறு கேட்பார், பார்த்துக்கொள்ளுங்கள். மரவள்ளியில் செய்யலாமா என்று அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள். மாவுச்சத்தில் அது உருளைக்கே பெரியப்பா.