பிரிஸ்டல் போட் அப்பாமாரு

வா தம்பி, குந்து. என்னா மொகமெல்லாம் மினுங்குது? காமன்கூத்துக்கு வேசம் கட்டுனியா? ஓ, கிளிட்டரா! மகளுக்கு ‘என் அறையை ஒழுங்காக வைப்பேன்’னு போஸ்டர் செய்யச் சொன்னாங்களா? சரிதான். புள்ளைக்கு வேலை குடுத்தா அப்பனுக்கு ராத்தூக்கம் போற காலமாப் போச்சு.

அட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப் போயி பிரிஸ்டல் போட் வாங்குனே. கொமினிகேசன் கடைல கலர்ல படம் அடிச்சே. வெட்டுனே, ஒட்டுனே. புள்ள என்னா செஞ்சிச்சு? கம் போத்தல் மூடியத் தொலைச்சிச்சு. இப்ப காம்பராவப் பாரு. கட்டில் பூரா காயிதத் துண்டு. அடுப்படி வரைக்கும் மினுமினுப்பு. கத்திரிக்கோலக் காணோம். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயிலுன்னு சும்மாவா சொன்னான்?

எங்க, படத்தக் காட்டு. பஞ்சு மெத்தை, புத்தக அலுமாரி, சன்னலுக்குப் பூப்போட்ட திரை. எவன் வீடு தம்பி இது? நம்ம லயம் வெள்ளக்காரத் தொரைமாரு காலத்துக் கட்டடம். காம்பரா 10 அடிக்கு 12 அடி இருந்தாப் பெருசு. அதுக்குள்ள அப்பன், ஆத்தா, நாலு புள்ள, ஒரு கெழவி. ‘என் அறை’ன்னு எழுதுனா கெழவி சண்டைக்கு வராதா? 2017ல இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடு கட்டித் தாறேன்னுட்டுப் போனாரு. நம்ம மொறை வாறப்ப வரட்டும். அது வரைக்கும் புள்ள எந்த அறைய ஒதுக்கும்?

ஒதுக்குறது எங்காத்தாகிட்டப் படிச்சிருக்கணும். விடியிறதுக்கு முன்னுக்கே பாயச் சுருட்டி மூலைல நிறுத்திரும். மாத்துத்துணி கொடிக்கயித்துல. நல்ல சீல தகரப்பெட்டில, பெட்டி கட்டிலுக்கு அடில. ஈரப் படங்கு இஸ்தோப்போட நிக்கணும், உள்ளுக்கு வரப்படாது. எல்லாம் முடிச்சுட்டுத்தான் பெரட்டுக்கு ஓடும். எடமில்லாதவ, வச்சது வச்ச எடத்துல இல்லேன்னா எங்கிட்டு நடப்பா?

அதையே சப்பான்காரன் ‘5 எஸ்’ன்னு சொன்னான். இப்ப ஆபீசு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு செவுரு செவுரா ஒட்டி வச்சிருக்கான். வேண்டாததக் கழி, வேணுங்கிறத அதது எடத்துல வையி, கூட்டித் தொடை. 2025 சனவரி 1ஆம் தேதி ‘கிளீன் ஸ்ரீலங்கா’வும் தொடங்கியாச்சு. நல்லதுதான், நான் குத்தஞ் சொல்லல. எங்காத்தாவுக்கு ஒரு சான்றிதழ் குடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இப்ப அந்த போடைத் திருப்பு. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? பென்சிலப் புள்ள கையில குடுத்துட்டு நீ வெளிய போ. பாயி, கொடிக்கயிறு, தகரப்பெட்டின்னு கண்டத அது வரையட்டும். கோடு கோணுனாக் கோணட்டும். டீச்சர் மார்க் போடுறது புள்ளைக்கா, உனக்கா?

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ரோசனை. மழை பெஞ்சாத் தகரம் ஒழுகுதே, சொட்டுற எடத்துக்கு நேரா நடுக்காம்பரால சட்டி வைக்கிறோமே, அத வரையலாமா, கூடாதா? டீச்சரக் கேட்டுட்டு வா. அது எந்த எஸ்ஸுல சேத்தி?