சோழவரத்தில் திரண்ட ஜனம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பையன்களுக்குக் கால் தரையில் நிற்காது. ஜி.என்.டி. சாலையில் தெற்கே போகிற ஏதாவது ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு சோழவரத்தில் இறங்கினால், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தைச் சுற்றி, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிற பந்தயத்துக்காக ஜனம் மொய்த்துக்கிடக்கும். அந்த வெயிலில் நீங்களும் நின்றிருந்தால், டூ-ஸ்ட்ரோக் புகையோடு வரும் ரேஸ் ஆயிலின் விளக்கெண்ணெய் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் கார் ஓட்டியதையும் கோவை கரிவரதன் பறந்ததையும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கண்ணெல்லாம் தெருவில் ஓடுகிற அதே யமஹா, அதே இண்ட்-சுசூகி, அதே யெஸ்டி மீதுதான். டி.வி.எஸ். 1982இல் தனக்கென ஒரு ரேஸ் அணி தொடங்கிய பிறகு இன்னும் சூடு பிடித்தது. சொந்தமாக வண்டி இல்லாத வயதிலேயே நான் சுசூகி கட்சி. டீக்கடையில் யமஹா கட்சிக்காரனோடு இருட்டும்வரை வாதாடிவிட்டு, அவன் தோளிலேயே கை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஒருமுறை ஒரு கம்பெனி அணியின் மெக்கானிக் சூடான பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்து என்னிடம் நீட்டினார். “பாரு தம்பி, காபிப்பொடி கலர்ல இருக்கா? அப்ப கலவை சரி. கறுத்திருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தா பிஸ்டன் போயிடும், ஜெட்டை மாத்தணும்.” எந்த விளம்பரமும் செய்யாததை அந்த ஒரு நிமிஷம் செய்தது. பிறகு நான் வாங்கிய முதல் வண்டி அவர் கம்பெனி வண்டிதான்.

1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. 1955 முதல் புல்லட் செய்துவரும் எங்கள் பக்கத்துத் திருவொற்றியூர்க் கம்பெனியோ இன்று தன் ஜனத்தைக் கோவாவில் கூட்டுகிறது. ரைடர் மேனியா என்றிருந்த விழாவுக்கு 2023இல் மோட்டோவெர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். டி.வி.எஸ்ஸும் அதே கோவாவில் மோட்டோசோல் நடத்துகிறது. அண்ணன் மகள் போன நவம்பரில் கையில் பட்டை கட்டிக்கொண்டு மோட்டோவெர்ஸுக்குப் போய்வந்தாள். பாட்டு, மண் தடத்துப் பந்தயம், ஊர் ஊராக வந்த சிநேகிதிகள் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. சோழவரத்தில் எங்கள் கூட்டத்துக்குள் ஒரு பெண்ணைப் பார்த்த நினைவு எனக்கில்லை. வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உயிரைப் பணயம் வைத்து நின்றதும் திரும்பி வர வேண்டாத ஒன்று.

ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புல்லட்காரர்கள்தான். வண்டிக்கொரு திருவிழா என்று ஆனபிறகு எதிர்க்கட்சிக்காரனைச் சந்திக்க இடமில்லை. அவனோடு சண்டை போட்டுத்தானே நாங்கள் எங்கள் வண்டியைத் தெரிந்துகொண்டோம்! இருங்காட்டுக்கோட்டையில் இன்றும் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அடுத்ததற்கு அவளைக் கூட்டிப்போகப் போகிறேன். அவள் ஓட்டுவாள், நான் பின்னால்.

“மெக்கானிக் கிட்டப் போய்ப் பேச விடுவாங்களா சித்தப்பா?” என்று கேட்டாள்.

“கேட்டுப் பார்ப்போம் வா” என்றேன்.