ஆகஸ்ட் பாதிவரை தோற்றவர் இல்லை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகருக்கு ஆகஸ்ட் பாதிவரை தோல்வியே கிடையாது, ஆடினால்தானே தோற்பதற்கு! பதினேழு வயதுப் பையன் எந்தக் கல்லூரித் தொப்பியை எடுத்து மாட்டி அங்கே சேரப்போகிறான் என்று, பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் ஊரே காத்துக் கிடக்கும். அப்புறம் பயிற்சி முகாம். பையன் ஏழு கிலோ ஏறிவிட்டானாம், அத்தனையும் தசையாம். (தொப்பை போட்டதாக ஒரு சேதியும் வந்ததில்லை.)

உதாரணத்துக்கு, 2022-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் சேர்த்த பையன்கள் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம். செப்டம்பரில் சொந்த மைதானத்திலேயே, சின்ன அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 14-17 என்று உதை. சீசன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. மறுவருடம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை, 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரசிகர் அசரவில்லை. அடுத்து சேரப்போகிறவர்கள் பட்டியலில் ஒரு பையன் இருக்கிறானாம். ஆறடி ஐந்தங்குலம்.