இஸ்ஸா, ஆரா?

லண்டன் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்து எப்போதும் பன்மை. 'இங்கிலாந்து ஆர் ஆல் அவுட்' என்றுதான் எழுதுவார்கள். சொதப்பியது பதினோரு பேர். ஒற்றை 'இஸ்'ஸில் அடைத்தால் பத்துப் பேருக்கு அநியாயமல்லவா? வரைபடத்தில் நாடாக நிற்கும்போது மட்டும் ஒருமை.

அமைச்சரவை கதை இன்னும் வேடிக்கை. கூட்டுப் பொறுப்பு, ஒரே குரல் என்பதெல்லாம் அங்கே மரபு. ஆனால் 'கேபினட் ஆர்' என்று எழுதினால் போதும், உள்ளே அடிதடி என்பதை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்கர்கள் கறார். அணி, அரசு, குழு எதுவானாலும் பெரும்பாலும் 'இஸ்'தான். போலீஸ் மட்டும் அங்கேயும் பன்மை. தனியாக வந்து யார் பார்த்தார்கள்!

அமெரிக்கர்களின் இந்த 'இஸ்' ஒற்றுமை பிறவிக் குணமும் அல்ல. பிரிந்து போக விடமாட்டோம், நாடு ஒன்றே என்று 1861 முதல் நான்கு ஆண்டுகள் ரத்தம் சிந்தி உள்நாட்டுப் போர் நடத்தினார்கள். போர் முடிந்த அதே 1865-இல் அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது சட்டத் திருத்தத்தைப் பாருங்கள்: அமெரிக்க ஐக்கிய நாடுகள், 'அவற்றின்' அதிகார வரம்பு என்று பன்மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருத்தத்துக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை.