யானை கேரண்டி

பால்கனியில் காபி குடித்துக்கொண்டே காட்டு யானை பார்க்கலாம் என்று விளம்பரம் போடுகிற மசினகுடி விடுதிக்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு நா வராது. யானை வரத்தான் செய்யும். அதன் வழியை மறித்துத்தானே பால்கனியைக் கட்டினீர்கள்? வேறு எப்படிப் போகும் அது, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியா?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் நிலம், மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமி. 2010இல் அரசு அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. உடனே விடுதிக்காரர்களின் வழக்கு. நீங்கள் காட்டுகிற இடம் வழித்தடமே அல்ல, ஆதாரம் எங்கே என்று வாதாடினார்கள். விளம்பரத்தில் தினமும் வாசலுக்கு வருகிற யானை, வாதத்தில் மட்டும் அந்தப் பக்கமே தலைகாட்டாத யானை! 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவால் 27 விடுதிகளுக்குச் சீல் விழுந்தது. 2020 அக்டோபர் 14 அன்று, வழித்தடம் வழித்தடம்தான் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யானைக்கு ஏகப்பட்ட சந்தோஷம் இருந்திருக்கும், அதற்குத் தீர்ப்பு வாசிக்கத் தெரிந்திருந்தால்.

மூன்றே மாதம். முதுகில் ஏற்கனவே புண்ணோடு திரிந்த ஆண் யானை ஒன்று இரவில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் போனது. தீப்பற்றியதைத் தூக்கி அதன் தலைமேல் எறிந்தார்கள். எறிந்தது டயரா துணியா என்று அப்புறம் நாம் சாவகாசமாக விவாதித்தோம். காதில் தீ ஒட்டிக்கொள்ள, அது பிளிறிக்கொண்டு இருட்டுக்குள் ஓடுகிற வீடியோவை நாடே பார்த்தது. 2021 ஜனவரி 19 அன்று, சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு லாரியில் கொண்டுபோகிற வழியில் செத்தது. தும்பிக்கையைத் தடவியபடி வனத்துறை ஊழியர் ஒருவர் விம்மி அழுத வீடியோவும் வந்தது. அதையும் பார்த்தோம், அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொன்னவருக்கு ‘வியூஸ்’ பற்றித் தெரியாது, பாவம். தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டார்.

அடிப்பது மட்டுமா, அன்பும் செய்வோம். துதிக்கையில் காயம்பட்ட காட்டு யானை ஒன்றுக்கு ரிவால்டோ என்று பெயர் வைத்து, பழம் கொடுத்துக் கொடுத்து ஊர்ப்பக்கமே நிற்கப் பழக்கினார்கள். பிறகு, ஐயோ ஊருக்குள் வருகிறதே என்று 2021 மே மாதம் பிடித்துக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டால், மறுநாளே மசினகுடியைப் பார்க்க நடந்து திரும்பியது. பழத்தை நீட்டிய கைக்கு யாரும் கரால் கட்டவில்லை.

யானைக்கு இப்படி, புலிக்கு வேறு கதை. காடு புலிக்கு வேண்டும், மனிதர்கள் வெளியேற வேண்டும் என்கிறார்கள். எந்த மனிதர்கள்? நாடு முழுவதும் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை விரைவுபடுத்துங்கள் என்று 2024 ஜூனில் மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களாம், அவ்வளவு விருப்பம் இருக்கிறவர்களை விரைவுபடுத்த ஏன் கடிதம்? அதே ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல்படி, அதே மையப் பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலா நடத்தலாம். ஆக, தேன் எடுக்கப் போகிற காட்டுநாயக்கர் பழங்குடியினர் கால்வைத்தால் புலிக்குத் தூக்கம் கெடும். டீசல் புகையோடு, ‘அங்க பாரு அங்க பாரு’ என்ற கூச்சலோடு போகிற வண்டி அதற்குத் தாலாட்டு.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த இ-பாஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஊட்டிக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்று உயர் நீதிமன்றம் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது; நமக்காக வெட்கப்படும் வேலையையும் நீதிபதிகளே பார்க்க வேண்டும் போல. இதற்கு நடுவே, இருட்டில் தனியார் ஜீப்பில் ‘நைட் சஃபாரி’, மான் கண்ணில் டார்ச், காலையில் புல்வெளியில் பீர் பாட்டில் சில்லு. அதை மிதிக்கிற யானைக்குச் செருப்பு கிடையாது.

இத்தனைக்கும் பிறகு ஊர் திரும்பியவர்களின் குறை என்ன தெரியுமா? புலி வரவில்லை. பணம் வேஸ்ட். அடுத்த விடுமுறைக்கு வால்பாறையாம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் 2025 ஜூன் மாதம், ஜார்க்கண்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பத்தின் சிறுமியைச் சிறுத்தை தூக்கிப்போய்க் கொன்றது. நம் ஆட்கள் செய்தியைப் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: “பரவாயில்லையே, லைன் வீட்டு வாசலுக்கே வருதாமே!”