சீசருக்கு மிசோ

கேள்வி: சீசர் சாலட்டில் ஜப்பானிய மிசோவைக் கலக்கிறார்களே, ரோமாபுரி பொறுக்குமா?

பதில்: ரோமாபுரிக்கு அதில் என்ன வழக்கு? 1924-இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில், சீசர் கார்டினி என்ற இத்தாலியரின் உணவகத்தில் பிறந்தது என்பார்கள். பிறக்கும்போதே புலம்பெயர்ந்த பண்டம்!

மிசோவும் அதற்கு ஒருவகையில் சொந்தம்தான். பார்மசான் சீஸும் உப்பிட்ட நெத்திலியும் நாக்கைக் கட்டிப்போடுவது குளுட்டமேட்டால். அதைத்தான் 1908-இல் ‘கொம்பு’ என்னும் கடற்பாசியில் கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா. சோயாவைப் புளிக்கவைத்த மிசோவிலும் அது நிறைய. ஆகவே நெத்திலிக்குப் பதில் வெள்ளை மிசோ ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, வறுத்த எள்ளின் எண்ணெய் இரண்டே சொட்டு. தாராளமாகச் செய்யுங்கள், அருமையாக இருக்கும். உப்பு மட்டும் போடாதீர்கள். மிசோவில் இருப்பதே போதும்.