வெறும் வயிற்றில் வெறுந்தண்ணி: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தால் தீராத நோயே இல்லை என்று கைபேசிக்குக் கைபேசி செய்தி பறக்கும் காலம் இது. ஆயினும் இத்துறை அறிஞர்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

முதலில் முன்னோர் கருத்து. ஆயுர்வேதம் இதற்கு உஷாபானம் என்று பெயரிட்டு வைகறையை ஒதுக்கிவைத்தது. அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945இல் ஒருவருக்கு நாளுக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் அதே பத்தியில் சொன்னது. உலகம் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது.

இனிக் களம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் விடியலில் குடிக்கப்படுவது சாயத்தண்ணி என்னும் வெறுந்தேநீர். வெறுந்தண்ணி கேட்டால், "என்னடா, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சாயத்தண்ணியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பதே நம் துணிபு. அதற்காகப் பீலியில் பிடிப்பது மலையிலிருந்து நேரே இறங்கும் தண்ணீர். வழியில் கிடக்கிற இலை, தழை, மேல் லயத்துச் சோப்பு நுரை எல்லாவற்றையும் நலம் விசாரித்துக்கொண்டு வருவது. தேத்தூள் போடுகிற சாக்கில் அது கொதித்துவிடுகிறது, கிருமியும் செத்துவிடுகிறது. (ஆனால் ரொட்டியோடு சேர்த்துக் குடித்தால் ரொட்டியிலுள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் டானின் உடம்பில் அதிகம் சேரவிடாது. இரத்தச்சோகைக்குக் குளிசை கொடுக்கும் டாக்டரய்யா சாயத்தண்ணியைத் திட்டுவது இதனால்தான். திட்டி முடித்ததும் அவருக்கும் ஒரு கோப்பை வருகிறது.)

காலைத் தண்ணீரின் பயனை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய உயிர் ஒன்று தோட்டத்தில் உண்டு: இறப்பர் மரம். இரவெல்லாம் வேர் தண்ணீரை இழுக்கும். வெயில் இல்லாததால் இலைவழி அதிகம் போகாது. விடியும்போது பட்டைக்குள் பால்குழாய்கள் விம்மி நிற்கும். கத்தி பட்டதும் பால் சிரட்டைக்கு ஓடுகிறது. வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கி ஓட்டம் மந்தப்படும். பால் வெட்டுபவர்கள் இருட்டோடு எழும்புவதன் விஞ்ஞானம் இவ்வளவுதான். அந்தப் பாலில் ஏறக்குறைய 60 வீதம் தண்ணீர். மனித உடம்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்த வியத்தகு ஒற்றுமைக்கிடையே நாம் கண்ட வேற்றுமை ஒன்றே: மரம் குடித்து முடிக்கும்வரை நிர்வாகம் காத்திருக்கிறது.

அடுத்தது வானத்திலிருந்து வரும் காலைத் தண்ணீர். இரத்தினபுரியில் மொத்த மழை சாதாரண ஆண்டிலேயே 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெங்கும் வழியும். சிரட்டையில் விழுந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். வெட்டு நின்றால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளத்தில் அந்த நாள் இல்லை. ஒரு சொட்டுக்கூட வாயில் படாமலே உடம்பைத் தாக்கும் தண்ணீர் இது ஒன்றுதான். அறிகுறிகள்: மாலையில் தலைவலி, கடைக்காரரைக் கண்டால் நெஞ்சுப் படபடப்பு. சம்பள நாளில் இரண்டும் உச்சம் தொடும். மருத்துவ நூல்கள் இந்நோய்க்கு இன்னும் பெயரிடவில்லை. தோட்டத்தில் அதன் பெயர் கடன்.

அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் வேண்டுமென்றே குறைத்துத்தான் குடிக்கிறார்கள். சுகாதார அறிவுரையாளர்கள் இதை அறியாமை என்பார்கள். ஆய்வாளர் மலைக்கே போய்ப் பார்த்ததில், அங்கே தேயிலை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நாலு நிரை தள்ளிக் கங்காணி நிற்கிறார். கக்கூஸ் மட்டும் இல்லை. எனவே நாளுக்கு எட்டு கிளாஸ் என்ற கோட்பாட்டைத் தோட்டங்களில் பரப்ப விரும்புவோர் முதலில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவோடு மலையேறி வரட்டும். எந்த நிரைக்குப் பக்கத்தில் வைப்பது என்பதைப் பறிக்கிற அக்காமாரே காட்டுவார்கள்.